மாட்டைக் கேட்டுப் பார்க்கலாமுங்க

“…அதுக்காக அந்தப் பெரியவரைத் திருடன்னு சொல்லீருவீங்களா செக்ரட்டரி? மாட்டைக் கேக்காம மனுசனை எப்படீங்க சொல்றது?”

அக்காவின் குரலில் கோபமே இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவள் போலக் கேட்டாள். கையில் இருந்த சாம்பிள் குப்பியை ஆட்டிக்கொண்டேதான் கேட்டாள். மலையாளத்து எல்லைக்குள் பெருமாட்டிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலைக்கு நான் சேர்ந்த மூன்றாம் நாள் அது. அக்கா அங்கே டெஸ்டர். ஒவ்வொருவரும் ஊற்றுகிற பாலில் கொஞ்சம் எடுத்து மிஷினில் வைத்து, கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஊருக்கே அவள் டெஸ்டரக்காதான். சொந்தப் பெயரை ரேஷன் கார்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

அன்றைக்கு ஒரு பெரியவர் கொண்டுவந்த பாலில் கொழுப்பு சட்டென்று இறங்கியிருந்தது. தண்ணீர்தான் என்று செக்ரட்டரி முடிவுகட்டிவிட்டார். வரிசையில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“கண்ணு முன்னாடி கறந்து பாத்துருவோம். நாளைக்கு வெடியால நானே போறனுங்க,” என்றாள் அக்கா.

மறுநாள் விடியற்காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாத்திரம்கூட சொசைட்டிப் பாத்திரம். பெரியவரின் கட்டுத்தரையில் இரண்டு மாடுகள். ஒன்று பழைய செவலை. மற்றது அப்போதுதான் வாங்கிய கறுப்பு வெள்ளை. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடியிலிருந்து பாத்திரத்துக்குப் பால் விழுவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். செவலை கொஞ்சமாகத்தான் கறந்தது. ஆனால் பால் கெட்டி. கறுப்பு வெள்ளை வாளி நிறையக் கறந்தது. அந்தப் பால் மெலிசு.

“ஏனுங்க பெரியப்பா, ரெண்டுக்கும் ஒரே தீவனமா?”

“ஒரே தவுடு, ஒரே புண்ணாக்கு, ஒரே தண்ணித்தொட்டிங்க அம்மிணி. நான் ஓரவஞ்சனை பண்றதில்லீங்க.”

“அப்ப இது இதோட பொறப்புங்க. நீங்க என்னத்தைக் கொண்டாந்து கொட்டுனாலும் இது இப்படித்தான் குடுக்கும்.”

சொசைட்டிக்குத் திரும்பி வந்து மிஷினில் வைத்தோம். முந்தைய நாள் காட்டியதையே காட்டியது. அக்கா வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “தண்ணி இல்லீங்க. மாட்டைக் கேட்டாச்சு.” பெரியவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் சொசைட்டிக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கு இரண்டு கொய்யாப்பழம் வந்தது. அதில் ஒன்று எனக்கு.

இப்படித்தான் அக்கா. ஒருவர் சொன்னதை முதலில் நம்பிவிடுவாள். சந்தேகம் வந்தால் வாயால் கேட்கமாட்டாள், நேரே போய்ப் பார்த்துவிடுவாள். “பொய் சொல்றதுக்கு ஒருத்தருக்கு நேரம் வேணும் அம்மிணி. இங்க பால் ஊத்தற சனத்துக்கு முடி கோதறதுக்கே நேரமில்லை” என்பாள். யாராவது வரிசையில் சண்டை பிடித்தால், “சித்த இருங்க, நுரை அடங்கட்டும்” என்பாள். பாலில் நுரை இருந்தால் மிஷின் தப்பாகக் காட்டும். அது தொழில் பேச்சு. அக்கா அதைப் புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும் சொல்வாள், பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் சொல்வாள்.

உருவம் என்று சொல்லப்போனால் ஒல்லி. வேகநடை. இரண்டு கண்ணின் மூக்கோரத்து இமையிலும் மஞ்சளாக ஒரு சின்னத் தடிப்பு. “மஞ்சள் பூசினால் கழுவ வேண்டாமா?” என்று புதிதாக வருகிறவர்கள் கேலி செய்வார்கள். “இருபத்தஞ்சு வயசுல பூசுனது, இன்னும் போகலைங்க” என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். குதிகாலுக்கு மேலே பின்னங்கால் நரம்பு தடித்து மேடாக இருக்கும். செருப்பு வார் எப்போதும் கடைசி ஓட்டையில். நாள் முழுக்கக் கொழுப்பு பார்க்கிறவள், பாலை வாயில் வைக்கமாட்டாள். பால் ஊற்றாத கட்டஞ்சாயாதான்.

இப்போது அவள் எங்களோடு இல்லை. உடும்பஞ்சோலைக்குக் குடிபோய் நாலு வருஷம் ஆகிறது. அவள் இடத்தில் வேறொரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண், வேலையில் கெட்டி. ஆனால் காலைப் பால் வண்டியை அனுப்பிவிட்டு எட்டரை மணிக்குச் சோற்று டப்பாவைத் திறக்கும்போது, மூடியில் பாதியைப் போட்டு எதிர்ப்பக்கம் தள்ளுகிற பழக்கம் என் கையை விட்டு இன்னும் போகவில்லை. தள்ளிவிட்டு, அப்புறம் நானே இழுத்துச் சாப்பிடுகிறேன்.

அந்த டப்பாவைச் சுற்றித்தான் எங்கள் கதை.

ஒரு தடவை ஆரோக்கிய கேந்திரத்திலிருந்து ஜீவிதசைலி கிளினிக் என்று ஊருக்குள் முகாம் போட்டார்கள். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் பார்க்கிற முகாம். சொசைட்டிக்காரர்கள் எல்லாரும் போய் ரத்தம் கொடுத்தோம். எனக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல். அக்காவுக்கு மிகவும் கூடுதல். எப்போதும் மற்றவர்களுக்குக் கொழுப்பு சொல்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு மலையாளத்து நர்ஸ் கொழுப்பு சொன்னாள். “ஆஹாரம் நியந்த்ரிக்கணும், சேச்சீ. மூணு மாசம் கழிஞ்ஞு வா.”

“பாத்தியா அம்மிணி, என்ற பால்ல ஃபேட் எச்சா இருக்குது. நல்ல வெலை கிடைக்கும்,” என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

நர்ஸ் சொன்னபடி அன்றிலிருந்து இருவரும் வாயைக் கட்டினோம். தென்னந்தோப்புக்கு நடுவே குடியிருந்துகொண்டு தேங்காயை விடுவது என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். பொரியலுக்குத் துருவல் இல்லை. குழம்புக்கு அரைத்துவிடுவதில்லை. பப்படம் சுட்டுத்தான். முட்டை, கறி, கருவாடு எல்லாம் ஒழித்தாயிற்று. மூன்று மாதம் கழித்துக் கேந்திரத்தில் போய்ப் பார்த்தபோது எனக்கு மளமளவென்று இறங்கியிருந்தது. அக்காவுக்குக் கொஞ்சம்கூட அசையவில்லை.

நர்ஸ் சீட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “ஒளிச்சு கழிக்குன்னுண்டு, அல்லே சேச்சீ?” என்றாள். ஒளித்துவைத்துத் தின்கிறாய்தானே என்று கேட்கிறாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. என் சீட்டில் இறங்கின தெம்பு எனக்கு. அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தபோது நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை தரட்டுமா என்று கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். வெளியே வந்து நான் வற்புறுத்தினேன்.

“ஒரு மாத்திரைதானுங்க அக்கா. போட்டுட்டுப் போறது.”

“போட்டா நான் தின்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

“சரி, தின்னீங்களா?”

அக்கா நின்றாள். அந்தக் கேள்வியை நான் கேலியாகத்தான் கேட்டேன் என்று இவ்வளவு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேலி பாதிதான். மீதிப் பாதி நிஜமாகவே கேட்டேன். ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம், எனக்கு இறங்குகிறது, இவளுக்கு இறங்கவில்லை என்றால் வேறு என்ன நினைப்பது? அவள் வீட்டுக்காரர் கோயமுத்தூர் மில்லில் இருந்தார், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். ராத்திரிச் சோற்றைத் தனியாக உண்கிறவளின் சட்டிக்குள் என்ன இருந்தது என்று யார் கண்டது?

“கண்ணு முன்னாடி கறந்து பாத்துக்கோ அம்மிணி,” என்றாள். “உன்ற ஊட்டுக்கு வந்துடறேன். நாப்பத்தொரு நாள். நீ ஆக்கிப் போடறதைத்தான் திம்பேன். அப்புறம் ரெண்டு பேரும் ரத்தம் குடுப்போம்.”

சொன்னபடி ஒரு துணிப்பையோடு வந்தும் விட்டாள். மலைக்கு மாலை போட்டவள்போல நாள் எண்ணினாள். காலையில் ராகிக் களி, மத்தியானம் சோறும் தேங்காயில்லாத குழம்பும் அவித்த காயும், பொழுது சாய்ந்தால் கோதுமைக் கஞ்சி. என் வீட்டுக்காரர் தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, “வரும்போது ரெண்டு கட்டு பச்சைப் புல்லு கொண்டாரட்டுங்களா?” என்பார். “கொண்டாங்க, உங்களுக்கும் சேத்து மூணு கட்டா” என்பாள் அக்கா. வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில்கூட ஒரு தாளம் இருக்கும். அந்த நாற்பத்தொரு நாளை யாராவது திருப்பித் தருவதாகச் சொன்னால் தேங்காயை ஆயுசுக்கும் விடுவேன்.

ஆனால் இருபதாம் நாள் வாக்கில் நான் ஒரு காரியம் செய்தேன். அக்கா குளிக்கப் போயிருந்தாள். அவள் பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு சேலை, ஒரு சீப்பு, பஸ் பாஸ், ஒரு சின்னத் தகர டப்பா. மூடியைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் வாசம். ஆகா, இதுதானா! விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். வேப்பிலையும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். தலைக்குத் தேய்க்கிறது. மூடியைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தேன்.

அக்கா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள்.

“அம்மிணி, நான் மூடியை எப்பவும் இறுக்கித்தான் போடுவேன். சேலையில எண்ணெய் ஆயிருச்சு.”

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பையில தேடுனா என்ன கெடைக்கும்? என்னைக் கேளு. தலைக்கு வெச்சா ரத்தத்துல ஏறுமா?”

“தெரியலீங்க அக்கா.” அதுதான் என் வாயிலிருந்து வந்தது. மன்னிப்பு வரவில்லை.

“தெரியாதில்ல? எனக்கும் தெரியாது. அப்ப அதையும் நிறுத்தீருவோம். பொறகு ஒருத்தருக்கும் சந்தேகம் வேண்டாம்.”

அன்றோடு தலைக்கு எண்ணெயை நிறுத்தினாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை எண்ணெயில்லாத தலையோடு வெளியே போனால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று கேட்பார்கள். சொசைட்டி வரிசையில் எல்லாரும் கேட்டார்கள். அக்கா “வேண்டுதலுங்க” என்று மட்டும் சொன்னாள். முடி காய்ந்து, பறந்து, தென்னை நார் மாதிரி ஆனது. அந்தத் தலையை மூன்று வாரம் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

நாற்பத்தொன்று முடிந்து ரத்தம் கொடுத்தோம். எனக்கு இன்னும் இறங்கியிருந்தது. அக்காவுக்கு அதே இடம். ஏதோ துளி குறைவு, அவ்வளவுதான். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் அடுப்பில் வெந்ததைத் தவிர ஒரு பருக்கை அவள் வாயில் போகவில்லை என்பதற்கு நானே சாட்சி. அப்படியிருந்தும் ஒரு நிமிஷம், சொசைட்டியில் இருக்கும்போது ஏதாவது தின்றிருப்பாளோ என்று என் புத்தி ஓடியது. நம்பாத புத்திக்கு எவ்வளவு சாட்சி கொட்டினாலும் போதாது.

அன்றைக்கு உள்ளே புது டாக்டர். சின்ன வயசுப் பெண், மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவள். சீட்டைப் பார்க்கும் முன்பே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து இமையோரத்து மஞ்சள் தடிப்பைத் தொட்டாள். “இது எத்தனை நாளாயிட்டு உண்டு?” என்றாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து, பின்னங்கால் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். இத்தனை பேர் கேலி செய்த இடங்களை ஒருத்தி இவ்வளவு கவனமாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“அப்பா இருக்காரா?”

“இல்லீங்க. நாப்பது தாண்டறதுக்கு முன்னாடியே, நெஞ்சு வலின்னு.”

“கூடப் பிறந்தவங்க?”

“ஒரு அண்ணன். நாப்பத்தி நாலுல போயிட்டாருங்க. தோப்புல தண்ணி கட்டிட்டு நின்னவரு.” அக்கா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். “அது சாப்பாட்டுனால ஆனதுங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “சேச்சி கேளுங்க. ரத்தத்தில ஓடற கொழுப்பைப் பிடிச்சு உள்ளே எடுக்கறது லிவரோட வேலை. சிலருக்கு அந்தப் பிடிக்கிற கை பிறக்கும்போதே குறைவு. அப்பாவோ அம்மாவோ குடுத்தது. அவங்க பட்டினி கிடந்தாலும் இது பெரிசா இறங்காது. இவங்களுக்கு,” என்னைக் காட்டினாள், “சாப்பாடு மாத்தினதும் இறங்கிருச்சு, இல்லே? அது இவங்க சாமர்த்தியம் இல்ல, இவங்க பிறப்பு. ஒரே சோறு தின்னாலும் எல்லா உடம்பும் ஒரே மாதிரி கேக்காது. உங்களுக்கு மாத்திரை வேணும். பத்தியமும் விடக்கூடாது, ஆனா பத்தியம் மட்டும் போதாது.”

ஒரே தவிடு, ஒரே புண்ணாக்கு, ஒரே தண்ணித்தொட்டி. தினமும் காலையில் மிஷினில் நாங்களே பார்க்கிற சங்கதி. மாட்டுக்கு ஒத்துக்கொண்டதை அக்காவுக்கு ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லையே.

“அப்ப நான் திருட்டுத்தனமா தின்னலைன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“தெரியுது.”

இதைக் கேட்டு அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். எண்ணெய் காணாத அந்தத் தலையோடு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் டாக்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எங்கண்ணனும் அப்ப தின்னிருக்க மாட்டாருங்களா?”

“இதே நோயா இருந்தா, அவர் தின்னாலும் தின்னாட்டியும் ஏறித்தான் இருந்திருக்கும். அவருக்குக் குழந்தைங்க உண்டா?”

“ஒரு பொண்ணு இருக்குதுங்க. இருபத்தி ரெண்டு ஆகும்.”

“அந்தக் குட்டியோட ரத்தம் பாக்கணும். சீக்கிரம். இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் பாதிக்குப் பாதி. இப்பவே பிடிச்சா நல்லா இருக்கும்.” டாக்டர் இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடிப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை அட்டை மடியில். அதுவரைக்கும் எனக்குச் சொல்லாத கதையை அங்கேதான் சொன்னாள்.

அண்ணன் சின்ன வயதில் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குப் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி ஊருக்குக் கூட்டிவந்தார். அப்புறம் அவருக்குக் கொலஸ்ட்ரால் என்று சொல்லி டாக்டர் பத்தியம் எழுதினார். அண்ணி பார்த்துப் பார்த்துத்தான் ஆக்கினாள். ஆனால் ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும் அதே இடத்தில் நின்றது. மலைக்காரி, பாசத்தில் முட்டையும் கருவாடும் பொரித்து ஒளித்து ஊட்டுகிறாள் என்று வீட்டில் பேச்சு வந்தது. அண்ணன் செத்த பதினாறாம் நாள், ஒறம்பரை சொந்தம் எல்லாம் இருக்கும்போது அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள்: உங்க கைதான் எங்கண்ணனைக் கொன்னுது, இனி உங்க ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன். அண்ணி ஆறு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

“அவங்க கூப்பிட்டாங்க அம்மிணி,” என்றாள் அக்கா. “அண்ணன் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. பத்து நாள் வந்து என் அடுப்புகிட்ட உக்காந்து பாருங்கன்னு கெஞ்சுனாங்க. அப்பவும் நான் சொசைட்டியிலதான் இருந்தேன். ஊர்ல இருக்கற மாட்டையெல்லாம் போய்க் கேட்டேன். நாலு ஊடு தள்ளி இருந்த அடுப்புக்கு நான் போகலை.”

நானும் ஒரு பையைத் திறந்து பார்த்தவள்தான்.

“அக்கா, நான் கூட…”

“உன்றதை விடு. நீ ஆக்கிப் போட்டாவது பாத்தே.” மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நாளான்னைக்கு லீவு சொல்லு. ஒரு துணைக்கு வா,” என்றாள்.

பொள்ளாச்சி போய், தேனி போய், ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை போடிமெட்டு ஏறினோம். அக்கா வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை மார்போடு பிடித்திருந்தாள். குளிருக்குத் தலையில் துண்டு கட்டச் சொன்னேன், கட்டவில்லை. பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குள் வண்டி இறங்கியபோது, “பதினாறு வருசம்” என்றாள். அவ்வளவுதான்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது என்று கையைப் பார்த்தே சொல்லலாம். காய் பொறுக்குவது நின்றுவிட்டது.

அக்கா வாசல் மண்ணிலேயே நின்றாள். “அண்ணி, நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம். நீங்க எதுவும் குடுக்கலை. எனக்கும் அதே நோவு. தின்னாலும் தின்னாட்டியும் எறங்காதாம். அப்பனுக்கு, அண்ணனுக்கு, எனக்கு.”

“இப்பத்தேன் தெரியுதாக்கும்,” என்றாள் அண்ணி. மறுபடி காய் பொறுக்க ஆரம்பித்தாள். “எங்கிட்ட நெசம் பொய் சொல்லவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?”

“இல்லீங்க. புள்ளைக்கு ரத்தம் பாக்கணும். அதுக்கும் இருக்கலாமாம். இருந்தா மாத்திரை இருக்குது, பயமில்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க.” கவரை நீட்டினாள்.

அண்ணியின் கை முறத்தில் அப்படியே நின்றது. மகள் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறாளாம், சாயங்காலம்தான் வருவாளாம். அதைச் சொல்லும்போது அண்ணி அந்தக் கவரைப் பார்த்தாள். கையில் வாங்கவில்லை.

“ஒங்க பேச்சை நம்பி எம்மக ஊசி குத்திக்கணுமாக்கும்?”

“என்னை நம்ப வேண்டாமுங்க. சீட்டை நம்புங்க.”

“சீட்டு கெடக்கட்டும்.” அண்ணி முறத்தை நகர்த்திவைத்து எழுந்தாள். “அன்னிக்கி எல்லாரு முன்னாடியும் கை நனைக்க மாட்டேன்னுட்டுப் போனீக. மொத அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. எங் கையால ஆக்குனதைத் தின்னுட்டுப் பேசுனா எம்மகளைக் கூட்டிட்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாரேன். இல்லைன்னா வந்த வண்டியிலயே போங்க.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

புதிதாக எதையும் அடுப்பில் வைக்கவில்லை அண்ணி. இருந்த சட்டியைத் திறந்து மூன்று தட்டில் போட்டாள். கேப்பைக் களி. பக்கத்தில் வெறும் தண்ணீரில் அவித்த கீரை. எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, தேங்காய் இல்லை, உப்பு பேருக்கு.

“ஒங்க அண்ணனுக்கு நான் ஆக்கிப் போட்டது இதுதேன்,” என்றாள். “அவரைத் தனியா திங்க வுடக்கூடாதுன்னு நானும் கூட ஒக்காந்து தின்னு பழகிட்டேன். அவரு போயும் இது போகலை.”

அக்கா தண்ணீர் மொண்டு கை கழுவினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியைக் கிள்ளி உருட்டி, கீரையில் தோய்த்து வாயில் வைத்தாள். அவசரப்படாமல் மென்றாள். அடுத்த உருண்டையைக் கிள்ளினாள். தட்டு காலியாகிற வரைக்கும் நிமிரவில்லை. அண்ணி கரண்டியோடு சுவரில் சாய்ந்து நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கீரையையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, அக்கா இடது கையால் தட்டை எடுத்து, “இன்னுங் கொஞ்சம் போடுங்க அண்ணி” என்று நீட்டினாள்.